கண்ணுக்கு எட்டாத குண்டு: அமெரிக்க உள்நாட்டுப் போரின் களப் பீரங்கிகள்

1862 டிசம்பர் 5ஆம் தேதி தெற்குப் படையின் தளபதி ராபர்ட் லீ, தெற்கின் தலைநகரான ரிச்மண்டில் இருந்த மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். தன்னிடம் இருக்கும் ஆறு பவுண்டு பீரங்கிகளையும், தேவைப்பட்டால் பன்னிரண்டு பவுண்டு ஹோவிட்சர்களில் சிலவற்றையும் உருக்கிவிடலாம், அந்த உலோகத்தில் நெப்போலியன் பீரங்கிகளை வார்த்துத் தாருங்கள் என்பது கடிதத்தின் சாரம். ராப்பஹானக் ஆற்றின் அக்கரையில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வடக்குப் படை காத்திருந்தது. எட்டு நாள் கழித்து ஃபிரெடரிக்ஸ்பர்க்கில் பெரும்போர் மூண்டது. அப்படிப்பட்ட நேரத்தில் ஒரு தளபதி கையிலிருக்கும் பீரங்கியை உருக்கலாம் என்று எழுதுகிறார் என்றால், அந்தப் பீரங்கிகளால் அவர் எவ்வளவு அலுத்துப்போயிருக்க வேண்டும்!

அவர் கேட்டவற்றில் புதுவகை ரைபிள் பீரங்கிகளும் உண்டு. ஆனால் உருக்கி வார்க்கச் சொன்னது நெப்போலியனை. அது உட்சுவரில் திருகுவரி இல்லாத, பழைய வழுவழுக் குழல் வகையைச் சேர்ந்தது. 1861 முதல் 1865 வரை நடந்த அந்தப் போரைப் பற்றிய பொது நூல்களில் பீரங்கியின் கதை பெரும்பாலும் நேர்கோட்டில் போகும்: வழுவழுக் குழல் போயிற்று, ரைபிள் குழல் வந்தது, போர் நவீனமாயிற்று. லீயின் கடிதம் அந்தக் கோட்டில் அடங்காது. அந்தப் போரில் குழல் எவ்வளவு தூரம் எறியும் என்பது பெரும்பாலும் ஒரு சிக்கலாகவே இருக்கவில்லை என்பது என் கருத்து. குண்டு எங்கே விழுந்தது என்று பார்க்கும் கண், எப்போது வெடிக்க வேண்டும் என்று சொல்லும் திரி, வண்டியை இழுக்கும் குதிரை, வார்ப்பதற்கு வேண்டிய செம்பு ஆகியவைதான் எந்தப் பீரங்கி எங்கே உதவும் என்பதைத் தீர்மானித்தன.

ஆறு பவுண்டு பீரங்கி 1841ஆம் ஆண்டின் வடிவம். எறியும் இரும்புருண்டையின் எடையே பீரங்கியின் பெயராக இருந்த காலம் அது. வெண்கலக் குழலின் எடை 884 பவுண்டு, வாய் விட்டம் 3.67 அங்குலம். 1846 முதல் 1848 வரை நடந்த மெக்சிகோ போரில் குதிரைகள் இழுக்க ஓடி ஓடிச் சுட்டுப் பேர் வாங்கியது இதுதான். அந்தப் போரில் காலாட்படையின் கையில் இருந்தது முக்கியமாக வழுவழுக் குழல் மஸ்கெட். நூறு கெஜத்துக்கு அப்பால் அது யாரையும் குறிவைத்து வீழ்த்துவது அரிது. அதனால் பீரங்கிக்காரர்கள் துணிந்து முன்னால் போய் நின்று சுட்டார்கள். 1861க்குள் சிப்பாயின் துப்பாக்கிக்குள்ளும் திருகுவரி வந்துவிட்டது. பழைய துணிச்சலோடு முன்னே போகிற பீரங்கிக் குழுவைச் சில நூறு கெஜத்திலிருந்தே சுட்டு வீழ்த்த முடிந்தது. ஆறு பவுண்டுக் குண்டின் அடியோ மென்மையானது. வடக்கு அதை வேகமாக ஒதுக்கிவிட்டது. தெற்கால் முடியவில்லை, ஏனென்றால் அதற்குக் கிடைத்தது அதுதான்.

நெப்போலியன் என்ற பெயர் வாட்டர்லூவில் தோற்றவரைக் குறிப்பதல்ல. அவருடைய தம்பி மகனும் பிரான்சின் பேரரசருமான மூன்றாம் நெப்போலியனைக் குறிப்பது. பீரங்கிப் படையில் பயின்றவர், பீரங்கி வரலாறு எழுதியவர். இரும்புருண்டை எறிய ஒரு பீரங்கி, வெடிகுண்டு எறிய ஒரு ஹோவிட்சர் என்று படை இரண்டையும் சுமந்து திரிவதை அவர் வீண் என்று கருதினார். ஒரே குழல் இரண்டு வேலையையும் செய்ய வேண்டும் என்பது அவர் எண்ணம். 1850களில் பிரான்சில் பிறந்த அந்தக் குழலை அமெரிக்க ராணுவம் 1857இல் தன் அளவுக்கு மாற்றி எடுத்துக்கொண்டது. வாய் விட்டம் 4.62 அங்குலம், எடை 1,227 பவுண்டு. அதற்கு முந்தைய பன்னிரண்டு பவுண்டு பீரங்கியைவிட ஏறக்குறைய ஐந்நூறு பவுண்டு குறைவு. ஐந்து டிகிரி தூக்கிவைத்தால் குண்டு 1,600 கெஜத்தைத் தாண்டி விழும். வடக்கில் ஆயிரத்துக்கும் மேல் வார்க்கப்பட்டன. வார்த்த ஆலைகளில் ஒன்று பாஸ்டனின் ரிவியர் செம்பு நிறுவனம். அமெரிக்க விடுதலைப் போரின் பால் ரிவியர் தொடங்கிய தொழில்தான் அது.

ரைபிள் பீரங்கிகளில் இரண்டே வகை பெருவழக்காக இருந்தன. இரண்டும் இரும்பு. ஆனால் இரும்பைக் கையாண்ட விதத்தில் நேரெதிர்.

முதலாவது மூன்று அங்குல ஆர்ட்னன்ஸ் ரைபிள். பென்சில்வேனியாவில் ஃபீனிக்ஸ் இரும்பு நிறுவனத்தோடு சேர்ந்த ஆலையை நடத்திய ஜான் கிரிஃபன் 1850களில் கண்ட வழி இது. தேனிரும்புப் பட்டைகளை ஓர் உருளையின்மேல் கயிறு சுற்றுவதுபோல் அடுக்கடுக்காகச் சுற்றி, உலையில் வெள்ளையாகக் காய்ச்சி, ஒன்றாகப் பற்றவைத்து, பிறகு உள்ளே துளைபோட்டுத் திருகுவரி வெட்டுவார்கள். தொடக்க கால மாதிரி ஒன்றை ராணுவ அதிகாரிகள் ஐந்நூறு முறை சுட்டுப் பார்த்தும் அசையவில்லை. வெடிக்கவைத்தே தீருவது என்று ஏழு பவுண்டு மருந்தும் பதின்மூன்று இரும்புருண்டைகளும் வாய்வரை திணித்த பிறகுதான் அது பிளந்தது. குழலின் எடை 820 பவுண்டு அளவுதான். ஒரே பவுண்டு மருந்தில், ஐந்து டிகிரியில், 1,800 கெஜத்துக்கு மேல் எறியும். போர் முழுவதும் வெடித்துச் சிதறாத பீரங்கி என்ற நம்பிக்கையை அது காப்பாற்றிக்கொண்டது.

இரண்டாவது பாரட். நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் ஆற்றங்கரையில், கோல்டு ஸ்பிரிங்கில் இருந்த வெஸ்ட் பாயிண்ட் வார்ப்பாலையின் தலைவர் ராபர்ட் பாரட், வார்ப்பிரும்பில் குழலை வார்த்து, மருந்து வெடிக்கும் பின்பகுதியில் மட்டும் தேனிரும்புக் கவசம் ஒன்றைச் சூடாக ஏற்றினார். கவசம் குளிர்ந்து இறுகும்போது குழல் மெல்லச் சுழன்றுகொண்டிருக்கும், உள்ளே தண்ணீர் பாயும். அதனால் பிடிப்பு எல்லாப் பக்கமும் ஒரே சீராக அமையும். செய்வது எளிது, விலையும் குறைவு: பத்து பவுண்டு பாரட் ஒன்று ஏறக்குறைய 180 டாலர், கிரிஃபனின் குழல் 330 டாலர் அளவில். திடீரென்று லட்சக்கணக்கில் ஆள் சேர்த்த அரசுக்கு இந்த வேறுபாடு சிறிதல்ல. ஆனால் வார்ப்பிரும்பு முன்னறிவிப்பில்லாமல் பிளக்கும். ஃபிரெடரிக்ஸ்பர்க்கில் தெற்கின் முப்பது பவுண்டு பாரட் ஒன்று சிதறியபோது பக்கத்தில் நின்றவர்களில் லீயும் ஒருவர். யாருக்கும் பெரிய காயமில்லை. ஒரு துண்டு சற்று விலகிப் பறந்திருந்தால் அந்தப் போரின் வரலாறே வேறாகியிருக்கும். வடக்கின் பொடோமாக் படையில் பீரங்கித் தலைவராக இருந்த ஹென்றி ஹன்ட்டுக்குப் பாரட் வகையைப் பிடிக்காது. கிரிஃபனின் குழலைத்தான் அவர் விரும்பினார்.

மற்ற வகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ரோட் ஐலண்டைச் சேர்ந்த சார்லஸ் ஜேம்ஸ் பழைய வெண்கலக் குழல்களுக்குள் திருகுவரி வெட்டும் முறையைக் கொண்டுவந்தார். வெண்கலம் மென்மையானது என்பதால் வரிகள் விரைவில் தேய்ந்துபோயின. 1862 அக்டோபரில் தன் குண்டு ஒன்றைச் செயல்முறையாகக் காட்டும்போது அது வெடித்து அவரே இறந்தார். மலைப்பாதைக்கென்று இருநூற்றுச் சொச்சம் பவுண்டு எடையுள்ள சிறு ஹோவிட்சர் ஒன்று இருந்தது. அதைக் கழற்றிக் கோவேறு கழுதைகள்மேல் ஏற்றிக்கொண்டு போகலாம். கடற்படை முற்றுகையை மீறித் தெற்குக்கு வந்து சேர்ந்த இங்கிலாந்துப் பீரங்கிகளில் விட்வொர்த் தனி ரகம். அதன் குழாயின் உள்வடிவம் அறுகோணம், குண்டும் அறுகோணம், போடுவது பின்புறமாக. ஐந்து மைல் எறியும் என்று சொல்லப்பட்டது. கெட்டிஸ்பர்க்கில் வடமேற்கே ஓக் குன்றின் மேல் இரண்டு விட்வொர்த்கள் நின்றன. பறக்கும்போது அதன் குண்டு எழுப்பிய விசித்திரமான ஊளையைப் பலர் நினைவுகூர்ந்தார்கள். அது யாரைத் தாக்கியது என்பதைப் பற்றிய பேச்சு அவ்வளவாக இல்லை. ஐந்து மைலுக்கு அப்பால் விழுவதைப் பார்த்துச் சொல்ல யாருமில்லாதபோது, குறியை எப்படித் திருத்துவது?

எந்த வகையானாலும் அதை இயக்கிய முறை ஒன்றுதான். போருக்குச் சற்று முன் வில்லியம் பாரி, வில்லியம் ஃபிரெஞ்ச், ஹென்றி ஹன்ட் என்ற மூன்று அதிகாரிகள் எழுதிய களப் பீரங்கிப் பயிற்சிக் கையேட்டை இரு தரப்பும் பின்பற்றின. ஒவ்வொரு ஆளுக்கும் பெயர் இல்லை, எண்தான். ஒன்றாம் எண் நீண்ட கோலின் நுனியில் நனைத்த பஞ்சைக் குழலுக்குள் விட்டு, எரிந்த மருந்தின் கங்கை அணைப்பான். அப்போது மூன்றாம் எண், குழலின் பின்மேல் இருக்கும் திரித்துளையைத் தோலுறை மாட்டிய கட்டைவிரலால் இறுக மூடிக்கொண்டிருப்பான். விரலை எடுத்தால் காற்று புகுந்து மிச்சக் கங்கு தூண்டப்படும், அடுத்த மருந்துப் பை உள்ளே போகும்போதே பற்றிக்கொள்ளும், ஒன்றாம் எண்ணுக்குக் கை போய்விடும். சூட்டில் தோலுறை எரிந்தாலும் விரலை எடுக்கக் கூடாது. ஐந்தாம் எண் வண்டியிலிருந்து ஓடிவந்து குண்டைக் கொடுக்க, இரண்டாம் எண் வாயில் வைப்பான். ஒன்றாம் எண் இடித்து உள்ளே தள்ளுவான். மூன்றாம் எண் கம்பியால் துளை வழியாக மருந்துப் பையைக் குத்துவான். நான்காம் எண் உரசினால் பற்றும் சிறு செம்புக் குழாயைத் துளையில் செருகிக் கயிற்றை இழுப்பான். சுட்டதும் வண்டி பல அடி பின்னால் ஓடும். அதைத் தாங்கும் வில்லோ நீர்மப் பொறியோ அன்று இல்லை. எல்லாரும் சேர்ந்து தள்ளிப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, மறுபடி குறிபார்க்க வேண்டும். நிதானமாகக் குறிபார்த்தால் நிமிடத்துக்கு இரண்டு குண்டு.

பெட்டிக்குள் இருந்தவற்றைப் பார்த்தால் நெப்போலியன்மேல் இருந்த விருப்பம் புரியும். அதன் ஒரு பெட்டியில் 32 குண்டுகள்: கெட்டி இரும்புருண்டை 12, உள்ளே சிறு ரவைகள் அடைத்து வானில் வெடிக்கும் ஷ்ராப்னல் 12, சாதாரண வெடிகுண்டு 4, கேனிஸ்டர் 4. கேனிஸ்டர் என்பது மரத்தூளுக்கு நடுவே 27 இரும்புருண்டைகள் அடுக்கிய தகர டப்பா. குழலை விட்டு வெளியே வந்ததும் தகரம் கிழிந்து உருண்டைகள் விசிறிபோல் பரவும். முந்நூறு கெஜத்துக்குள் வரும் காலாட்படை வரிசைக்கு இதைவிடக் கொடியது வேறில்லை. நெருக்கடியில் இரண்டு டப்பாக்களை ஒன்றாகப் போட்டுச் சுடுவார்கள். ரைபிள் குழலின் வாய் சிறியது. அதன் டப்பாவில் கொள்ளும் உருண்டைகளின் மொத்த எடை குறைவு, திருகுவரியால் அவை தாறுமாறாகவும் சிதறின. அதன் கூர்முனை வெடிகுண்டோ ஈர மண்ணில் புதைந்து, வெடித்தாலும் மண்ணை மட்டும் கிளப்பிவிட்டு அடங்கிவிடும்.

வர்ஜீனியாவின் நிலம் இந்த விருப்பத்தை இன்னும் வலுவாக்கியது. வெட்டி மீண்டும் முளைத்த அடர்ந்த புதர்க்காடு, இடையிடையே சிறு பண்ணை வெளிகள். பல இடங்களில் எதிரி கண்ணில் படுவதே சில நூறு கெஜத்தில்தான். ரைபிள் பீரங்கிக்கு உரிய களங்கள் அமையாமல் இல்லை. 1862 செப்டம்பரில் ஆன்டீடம் ஓடைக்குக் கிழக்கே மேட்டில் நின்ற வடக்கின் இருபது பவுண்டு பாரட்கள் தெற்கின் பீரங்கி வரிசைகளை நாள் முழுதும் வாட்டின. எதிர்த்தரப்பின் குறுந்தூரப் பீரங்கிகளால் பதில் சொல்ல முடியவில்லை. மேடும் வெளியும் தெளிந்த வானமும் சேர்ந்து வாய்த்த அப்படிப்பட்ட நாட்கள் குறைவு.

கண் எட்டிய இடத்திலும் திரி காலை வாரியது. வானில் வெடிக்க வேண்டிய குண்டு எத்தனை நொடியில் வெடிப்பது என்பதைச் சுடுவதற்கு முன்பே தீர்மானித்தாக வேண்டும். பெல்ஜிய அதிகாரி போர்மன் உருவாக்கிய திரி ஈயக் கலவையாலான சிறு வட்டத்தகடு. அதில் நொடிக் குறிகள் இருக்கும். வேண்டிய குறியில் துளையிட்டால் அங்கிருந்து மருந்து எரியத் தொடங்கும். உச்சம் ஐந்தேகால் நொடி. தெற்கில் செய்த போர்மன் திரிகள் சரியாக மூடப்படாததால் நெருப்பு குறுக்கே பாய்ந்தது. குண்டுகள் குழலை விட்டதும் வெடித்தன, சில குழலுக்குள்ளேயே வெடித்தன. தங்கள் தலைக்கு மேலாகத் தங்கள் பீரங்கிகளே சுடுவதைத் தெற்கின் காலாட்படை வெறுத்தது. கடைசியில் அந்தத் திரியைக் கைவிட்டு, வேண்டிய நீளத்துக்குக் கத்தியால் நறுக்கும் காகிதத் திரிக்குப் போனார்கள். குண்டு நொடிக்கு ஆயிரம் அடி போகிறது என்று வைத்துக்கொண்டால், திரி கால் நொடி தாமதித்தாலும் குண்டு இலக்கைத் தாண்டி எண்பது கெஜத்துக்கு அப்பால் வெடிக்கும்.

இந்தத் திரிகளையும் தோட்டாக்களையும் செய்தவர்கள் பெரும்பாலும் ஏழைக் குடும்பத்து இளம்பெண்கள். 1862 செப்டம்பர் 17ஆம் தேதி, ஆன்டீடம் போர் நடந்த அதே நாளில், பிட்ஸ்பர்க் அருகே அலகேனி ஆயுதசாலை வெடித்து 78 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பெண்கள். 1863 மார்ச் 13ஆம் தேதி ரிச்மண்டில், ஜேம்ஸ் ஆற்றின் நடுவே பிரவுன் தீவில் இருந்த தெற்கின் வெடிபொருள் கூடம் வெடித்தது. ஒரு பெண் பலகையில் ஒட்டிக்கொண்ட உரசுக் குழாயைக் கழற்றப் பலகையை மேசையில் தட்டியிருக்கிறாள். நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சிலருக்குப் பத்துப் பன்னிரண்டு வயதுதான். நான்காம் எண் வீரன் கயிற்றைக் கோத்து இழுக்கும் அதே சிறு செம்புக் குழாய்.

ரிச்மண்ட் கூடம் முடங்கியதும் லீயின் படைக்குத் திரிகள் தெற்கே சார்ல்ஸ்டன் முதலிய ஊர்களிலிருந்து வரத் தொடங்கின. அதே நீளத்துக்கு நறுக்கினால் அவை ரிச்மண்ட் திரியைவிட மெதுவாக எரிந்தன. இது சோதனையில் தெரியவந்தது கெட்டிஸ்பர்க் போருக்குப் பிறகு.

1863 ஜூலை 3, பகல் ஒரு மணி அளவில், கெட்டிஸ்பர்க்கில் தெற்கின் ஏறக்குறைய 150 பீரங்கிகள் செமட்டரி ரிட்ஜ் என்ற மேட்டின்மேல் சுடத் தொடங்கின. அந்தக் கண்டம் அதுவரை கண்டிராத அளவு பெரிய குண்டுமழை. காற்று அசையவில்லை, சில நிமிடங்களில் புகை கவிந்தது. தெற்கின் குண்டுகள் மேட்டின் முகட்டைத் தாண்டிப் பின்பக்கம் விழுந்தன. வடக்கின் தளபதி மீடின் தலைமையிடமாக இருந்த சிறு வீடு துளைபட்டது, வாசலில் கட்டியிருந்த குதிரைகள் செத்தன, ரிசர்வ் பீரங்கி வண்டிகள் இடம்பெயர வேண்டியிருந்தது. முகட்டில் கல்சுவருக்குப் பின்னே படுத்திருந்த காலாட்படைக்கு மட்டும் எதிர்பார்த்த அளவு சேதமில்லை. மெதுவாக எரிந்த திரிதான் இதற்குக் காரணம் என்று சிலர் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அது முழு விடையாகப் படவில்லை. திரி தப்பினாலும், குண்டு எங்கே வெடிக்கிறது என்று கண்ணால் பார்த்தால் அடுத்த திரியைக் கட்டையாக நறுக்கலாம். பார்க்க விடாமல் செய்தது புகை. கூடவே, வளைந்து நின்ற எதிரி வரிசையைப் பக்கவாட்டிலிருந்து சுடும் வாய்ப்பு களத்தின் வடபுறம் நின்ற தெற்குப் பீரங்கிகளுக்கு இருந்தும், தெற்கின் பீரங்கித் தலைவர் வில்லியம் பெண்டல்டன் அவற்றைச் சரிவரப் பயன்படுத்தவில்லை.

மேட்டின் மறுபக்கத்தில் ஹன்ட் வேறொரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். குண்டுகளை வீணாக்கும் பீரங்கிக்காரன் அவருக்கு ஆகாது. மேலிடத்துக்குத் தெரியாமலேயே ஒவ்வொரு பீரங்கிக்கும் இருபது குண்டு வீதம் கூடுதலாக ஒரு வண்டித் தொடரைச் சேர்த்து வைத்திருந்தவர் அவர். காலாட்படை எப்படியும் வெளியில் இறங்கி வரும், அதற்காகக் குண்டுகளைச் சேமிக்க வேண்டும் என்று பீரங்கிகளை ஒவ்வொன்றாக நிறுத்தச் சொன்னார். அந்தப் பகுதிக் காலாட்படைத் தளபதி ஹான்காக் அதை ஏற்கவில்லை. தம் பீரங்கி மௌனமானால் படுத்திருக்கும் சிப்பாய் மனமுடைவான் என்று தன் கீழிருந்த பேட்டரிகளை, அதாவது பீரங்கிக் குழுக்களை, சுடவைத்தார். பின்னாளில் இருவரும் இதைப் பற்றி எழுதிச் சண்டை போட்டுக்கொண்டார்கள். ஹான்காக் சொன்னதிலும் பொருள் இருக்கிறது. ஆனால் விளைவு ஹன்ட் பக்கமே பேசுகிறது. தெற்குப் படையினர் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் முக்கால் மைல் வெளியைக் கடந்து வந்தபோது, ஹான்காக்கின் பேட்டரிகளில் தூரக் குண்டு தீர்ந்துபோய்க் கேனிஸ்டர்தான் மிச்சம். இரண்டு பக்கமும் ஹன்ட்டின் சொல் கேட்டு அடங்கியிருந்த பீரங்கிகள்தான் வரிசையைக் குறுக்காக அறுத்தன. வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இறந்தார்கள், காயம்பட்டார்கள் அல்லது பிடிபட்டார்கள்.

நடுவில், கல்சுவரின் கோணத்தில் நின்றது அலோன்ஸோ குஷிங்கின் பேட்டரி. ஆறு மூன்று அங்குல ரைபிள்கள். குண்டுமழையில் பெரும்பாலானவை உடைந்துவிட, காயம்பட்ட நிலையிலும் எஞ்சியவற்றைச் சுவர்வரை தள்ளிக்கொண்டு வந்து கேனிஸ்டர் சுட்டுக்கொண்டிருந்தபோது அவர் வாயில் தோட்டா பாய்ந்தது. அவருக்கு வயது 22. நாட்டின் உயரிய வீரப்பதக்கம் அவருக்குக் கிடைத்தது 2014இல். தூரத்துக்கென்று செய்யப்பட்ட ரைபிள் பீரங்கி அந்தக் கடைசி நிமிடங்களில் செய்தது, நெப்போலியன் இன்னும் நன்றாகச் செய்திருக்கக்கூடிய வேலை.

முந்தைய நாள் அதே களத்தின் தெற்கே, டிராஸல் பண்ணையில், ஒன்பதாவது மாசசூசெட்ஸ் பேட்டரி தனியே மாட்டிக்கொண்டது. ஆறு நெப்போலியன்கள், தலைவர் ஜான் பிகலோ. குதிரையைப் பூட்டித் திருப்ப நேரமில்லை. பீரங்கியை நீண்ட கயிற்றால் முன்வண்டியோடு பிணைத்துச் சுட்டார்கள். ஒவ்வொரு முறை சுடும்போதும் குழலின் பின்னுதைப்பு வண்டியைச் சில அடி பின்னால் தள்ளியது. அந்த உதைப்பையே பயன்படுத்திப் பின்வாங்கிப் பண்ணைச் சுவர்வரை வந்தார்கள். அங்கே இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்க உத்தரவு. பின்னால் புதிய பீரங்கி வரிசை அமையும்வரை தாங்கினார்கள். அவர்களுடைய 88 குதிரைகளில் 80 செத்தன. பண்ணை வீட்டைச் சுற்றிக் குதிரைப் பிணங்கள் கிடக்கும் புகைப்படத்தைச் சில நாள் கழித்துத் திமோதி ஓ’சலிவன் எடுத்தார்.

குதிரையைச் சேர்க்காமல் பீரங்கிக் கணக்கு முடியாது. வடக்கின் பேட்டரியில் வழக்கமாக ஆறு பீரங்கி, தெற்கில் நான்கு. ஒவ்வொரு பீரங்கியையும் ஆறு குதிரை இழுக்கும், அதன் குண்டுவண்டியை இன்னோர் ஆறு. கொல்லுலை வண்டி, சாமான் வண்டி, அதிகாரிகளின் குதிரை, உபரி எல்லாம் சேர்த்தால் ஆறு பீரங்கிப் பேட்டரிக்கு நூறைத் தாண்டும். ஒரு குதிரைக்கு நாளொன்றுக்கு விதிப்படி 14 பவுண்டு வைக்கோலும் 12 பவுண்டு தானியமும். ஒரே பேட்டரியின் குதிரைகளுக்கு ஒரு நாள் தீவனம் ஒரு டன்னுக்கும் மேல். எதிரிச் சிப்பாய்க்கு இது நன்றாகத் தெரியும். பீரங்கிக்காரனைச் சுட்டால் இன்னொருவன் வருவான், குதிரையைச் சுட்டால் பீரங்கியே கைக்கு வரும். 1864 ஆகஸ்டில் ரீம்ஸ் ஸ்டேஷனில் பத்தாவது மாசசூசெட்ஸ் பேட்டரிக்கு நடந்தது இதுதான். குதிரைகள் ஏறக்குறைய எல்லாம் முதலில் வீழ்த்தப்பட்டன, பீரங்கிகள் பிறகு பறிபோயின.

உலோகத்துக்கு வருவோம். லீயின் கடிதத்துக்கு முன்பே, 1862 மார்ச்சில், தளபதி போரிகார்ட் மிசிசிப்பிச் சமவெளியின் தோட்டக்காரர்களிடமும் தேவாலயங்களிடமும் மணிகளைக் கேட்டார். மணிகள் வந்து நியூ ஆர்லியன்ஸில் குவிந்தன. ஊர் வடக்கின் கையில் விழுந்ததும் அவை கப்பலேறிப் பாஸ்டனில் ஏலம் போயின. போரிகார்ட் கையில் இருந்திருந்தாலும் மணியை அப்படியே பீரங்கியாக வார்த்துவிட முடியாது. மணி வெண்கலத்தில் வெள்ளீயம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கும், நன்றாக ஒலிக்கும், ஆனால் நொறுங்கும். பீரங்கிக்குப் பத்தில் ஒரு பங்கே போதும். மிச்சத்துக்குச் செம்பு வேண்டும். தெற்கின் செம்பில் பெரும்பகுதி டென்னசியின் டக்டவுன் சுரங்கங்களிலிருந்து வந்தது. 1863 நவம்பரில் சட்டனூகா போரில் தோற்றதும் அதுவும் போயிற்று. துப்பாக்கித் தோட்டாவைப் பற்றவைக்கும் சிறு மூடிக்கே செம்பு போதாமல், வட கரோலினாவில் டர்பென்டைன் காய்ச்சும் செம்புப் பாத்திரங்களைப் பறித்து உருக்கினார்கள். ரிச்மண்டின் ட்ரெடகர் ஆலை நெப்போலியனை வார்ப்பிரும்பில் வார்த்துப் பின்பகுதியில் பாரட் பாணியில் பட்டை போட்டது. அந்த ஆலையின் உலைகளில் வேலை செய்தவர்களில் நூற்றுக்கணக்கானோர் கறுப்பின அடிமைகள். எந்த அமைப்பு தங்களை அடிமையாக வைத்திருந்ததோ அதைக் காக்கும் பீரங்கியை அவர்களே வார்க்க வேண்டியிருந்தது.

வடக்குக்குச் செம்புக் கவலை இல்லை. அதன் கவலை வெடியுப்பு. கறுப்பு வெடிமருந்தில் நான்கில் மூன்று பங்கு அதுதான். அமெரிக்காவுக்கு வேண்டிய வெடியுப்பு பெரும்பாலும் பீகாரின் மண்ணில் எடுக்கப்பட்டு, கல்கத்தா வழியாக இங்கிலாந்து வணிகர் கையில் போனது. 1861இல் வடக்கின் வெடிமருந்துத் தயாரிப்பாளர் லம்மோ டு பான்ட் லண்டனுக்குப் போய்ச் சந்தையில் கிடைத்ததையெல்லாம் வாங்கினார். அதே வேளையில், தெற்கின் தூதர்கள் பயணம் செய்த ட்ரென்ட் என்ற ஆங்கிலக் கப்பலை வடக்கின் போர்க்கப்பல் மறித்து அவர்களைப் பிடித்துவிட, இங்கிலாந்து கொதித்தெழுந்து வெடியுப்பு ஏற்றுமதியைத் தடுத்தது. தூதர்களை விடுவித்த பிறகே சரக்கு நகர்ந்தது. தெற்கோ குகைகளில் மண் சுரண்டியது. அகஸ்டாவில் ஜார்ஜ் ரெயின்ஸ் கட்டிய மருந்தாலை மட்டும் கடைசிவரை நன்றாக ஓடியது. தெற்கு தோற்றதற்கு மருந்துப் பஞ்சம் காரணமல்ல என்பதில் ஆய்வாளர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

இவ்வளவு உழைப்பும் உலோகமும் குதிரையும் எத்தனை பேரை வீழ்த்தின? வடக்கின் மருத்துவத் துறை போருக்குப் பின் தொகுத்த கணக்கில், காரணம் தெரிந்த காயங்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் துப்பாக்கித் தோட்டாவால் வந்தவை. பீரங்கியால் வந்தவை ஆறு சதவீதத்தை ஒட்டித்தான். இதைக் காட்டிப் பீரங்கியை ஒதுக்கிவிடுபவர்கள் உண்டு. ஆனால் அது மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தவர்களின் கணக்கு. கேனிஸ்டர் பட்டவர்களில் பலர் அங்கே போய்ச் சேரவில்லை. வரத் துணியாதவர்களும் எந்தக் கணக்கிலும் இல்லை. 1864 மே 18ஆம் தேதி ஸ்பாட்சில்வேனியாவில் வடக்கின் இரண்டு படைப்பிரிவுகள் முன்னேறியபோது, அரணில் நின்ற தெற்கின் 29 பீரங்கிகள் ஏறக்குறையத் தனியாகவே அவற்றைத் திருப்பி அனுப்பின. தெற்கின் காலாட்படைக்கு வேலையே இருக்கவில்லை.

அதே வாரத்தில்தான் வடக்கின் தலைமைத் தளபதி கிராண்ட், பொடோமாக் படையின் ரிசர்வ் பீரங்கிகளில் நூறு அளவை வாஷிங்டனுக்குத் திருப்பி அனுப்பினார். காட்டுப்பாதைகளை அவை அடைத்துக்கொண்டிருந்தன, சுட இடமுமில்லை. பேட்டரிகளும் ஆறிலிருந்து நான்கு பீரங்கிகளாகச் சுருங்கின. பீட்டர்ஸ்பர்க்கில் இரு படைகளும் பதுங்குகுழிகளுக்குள் இறங்கிய பிறகு, நேராகச் சுடும் எந்தக் களப் பீரங்கியாலும் மண்ணுக்குள் இருப்பவனைத் தொட முடியவில்லை. நான்கு பேர் தூக்கிச் செல்லும் கோஹார்ன் என்ற குட்டை மார்ட்டர் அங்கே முன்னுக்கு வந்தது. அது பதினேழாம் நூற்றாண்டு டச்சுப் பொறியாளரின் கண்டுபிடிப்பு.

திரியின் சிக்கலுக்கு விடை ஐரோப்பாவில் கிடைத்தது. 1870இல் பிரான்சோடு மோதிய பிரஷ்யாவின் க்ரூப் பீரங்கிகள் எஃகாலானவை, குண்டு போடுவது பின்புறமாக. அவற்றின் குண்டுகள் தரையில் மோதியதும் வெடித்தன, நொடிக்கணக்கு வேண்டியதில்லை. விழுந்த இடத்தில் எழும் புகையைப் பார்த்து அடுத்த குண்டைத் திருத்திக்கொள்ளலாம். பிரான்சின் வெண்கல ரைபிள்கள் இன்னமும் வாய்வழிக் குண்டையும், சில குறிப்பிட்ட தூரங்களுக்கு மட்டும் பொருந்தும் நேரத் திரியையும் நம்பியிருந்தன. செப்டம்பர் 2ஆம் தேதி செடானில் மூன்றாம் நெப்போலியனே சரணடைந்தார். அமெரிக்க ராணுவமோ உள்நாட்டுப் போரில் மிஞ்சிய குழல்களை வைத்துக்கொண்டே காலம் தள்ளியது. புதிதாக வாங்கப் பணம் ஒதுக்க நாடாளுமன்றத்துக்கு மனமில்லை. பின்புறமாகக் குண்டு போடும் 3.2 அங்குல எஃகுப் பீரங்கி 1880களின் நடுவில் வரும்வரை, கிரிஃபனின் மூன்று அங்குல ரைபிள்தான் அதன் களப் பீரங்கிப் படையின் முதுகெலும்பு.